பித்தப்பைக் கல்லை அதிர்வலையால் உடைத்துவிட முடியாதா?

கேள்வியை முதலில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 54 வயது. பத்து வருடமாகச் சர்க்கரை, மாத்திரையில் கட்டுப்பாடாக இருக்கிறது. விருந்து சாப்பிட்ட இரண்டு இரவுகளில் வலது விலாவுக்குக் கீழே தாங்க முடியாத வலி. ஸ்கேனில் பித்தப்பையில் 14 மி.மீ. அளவில் ஒரே ஒரு கல். மருத்துவர் பித்தப்பையையே எடுத்துவிட வேண்டும் என்கிறார். ஆனால் மாமாவுக்கு ஏறக்குறைய இதே அளவில் சிறுநீரகக் கல் இருந்தபோது, கத்தி படாமல் அதிர்வலை கொடுத்து உடைத்து மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மாவுக்கு அந்த மெஷின் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே கல்தானே, ஒருவருக்கு உறுப்பு தப்பித்தது, இன்னொருவருக்கு ஏன் தப்பவில்லை என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். மிக நியாயமான கேள்வி. 1980களில் மருத்துவர்களும் இதையேதான் கேட்டார்கள், செய்தும் பார்த்தார்கள்.

சிறுநீரகக் கல்லை உடலுக்கு வெளியிலிருந்து அதிர்வலையால் உடைத்தது முதன்முதலில் ஜெர்மனியின் மியூனிக் நகரில், 1980 பிப்ரவரியில். டோர்னியர் என்ற விமானத் தயாரிப்பு நிறுவனம் உருவாக்கிய இயந்திரம் அது. அதே ஊரில் 1985இல் டில்மான் சாவர்புருக், குஸ்தாவ் பாம்கார்ட்னர் ஆகியோரின் குழு அதைப் பித்தப்பைக் கல்லுக்கும் பயன்படுத்தியது. முதல் நோயாளிகளின் விவரம் 1986இல் வெளியானது. ஆகவே ‘பித்தப்பைக் கல் உடையாது’ என்று யாராவது சொன்னால் அது தவறு. கல் நன்றாகவே உடைந்தது. சிக்கல் எல்லாம் உடைந்த பிறகு தொடங்கியது.

அதிர்வலை எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்த்தால் மீதி தானாகப் புரியும். உடலுக்கு வெளியே நீருக்குள் மின்பொறியாலோ மின்காந்தத் தகட்டாலோ மின்சாரம் பாய்ந்தால் அதிரும் பீசோ படிகங்களாலோ ஒரு திடீர் அழுத்த அலையை உண்டாக்கி, அதை ஒரு புள்ளியில் குவிக்கிறார்கள். நம் சதையும் நீரும் ஒலிக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி வழிவிடுவதால், அலை பெரிய சேதமில்லாமல் உள்ளே போகும். கல்லில் மோதும்போது ஊடகம் சட்டென்று மாறுகிறது. முன்பக்கம் நசுக்கும் விசை, பின்பக்கத்தில் அலை எதிரொலித்துத் திரும்பும்போது இழுக்கும் விசை, கல்லைச் சுற்றி உருவாகி வெடிக்கும் நுண்குமிழிகள் என மூன்றும் சேர்ந்து கல்லைப் பொடியாக்குகின்றன. காற்றைக் கண்டால் மட்டும் அலை நின்றுவிடும். அதனால் நுரையீரலும் வாயு நிறைந்த குடலும் பாதையில் வரக்கூடாது. பித்தப்பைக்குப் பெரும்பாலும் நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்ததற்குக் காரணம் இதுதான்.

இப்போது கணக்கு போடுவோம். 14 மி.மீ. உருண்டைக் கல் ஒன்றை 2 மி.மீ. துகள்களாக உடைத்தால், ஏழின் கனம், அதாவது சுமார் 340 துகள்கள் வரும். சிறுநீரகத்தில் இந்தத் துகள்கள் இருந்தால், ஒரு நாளைக்கு ஒன்றரை இரண்டு லிட்டர் சிறுநீர் அவற்றைக் கீழ்நோக்கித் தள்ளும். சிறுநீர்க்குழாய் தானே அலையலையாகச் சுருங்கி உதவும். கீழே சிறுநீர்ப்பை, அதன்பின் வெளி. வழியில் கணையம் போல ஆபத்தான அண்டைவீட்டார் கிடையாது. பித்தப்பையின் கதை வேறு. அது 30 முதல் 50 மி.லி. கொள்ளும் ஒரு பை. உள்ளே வரவும் வெளியே போகவும் ஒரே வாசல். அந்த வாசலில் இருக்கும் குழாய் சுமார் 3 மி.மீ. அகலம்தான், அதுவும் நேர்க்குழாய் அல்ல, உள்ளே திருகு போல மடிப்புகள் உண்டு. அதைத் தாண்டினால் பொதுப் பித்தக்குழாய். அது குடலில் திறக்கும் இடத்தில் சுருக்குத் தசை. அந்த இடத்தில்தான் கணையக் குழாயும் வந்து சேர்கிறது. 340 துகள்களும் ஒவ்வொன்றாக இந்த வழியே போக வேண்டும், பின்னாலிருந்து தள்ள வலுவான ஓட்டமும் கிடையாது. சாப்பாட்டுக்குப் பிறகு பை சுருங்குவது மட்டுமே உந்துதல்.

எனவே உடைப்பதோடு நிறுத்த முடியவில்லை. துகள்களைக் கரைக்க உர்சோடியாக்ஸிகோலிக் அமிலம், அப்போது அதோடு சீனோடியாக்ஸிகோலிக் அமிலமும், சிகிச்சைக்குச் சில நாள் முன்பே தொடங்கி, துகள் எல்லாம் மறைந்த பிறகும் சுமார் மூன்று மாதம் வரை கொடுத்தார்கள். இதற்கு ஒரு கணக்கு சாதகமாக இருந்தது: அதே 14 மி.மீ. கல்லை 2 மி.மீ. துகள்களாக்கினால் மேற்பரப்பு ஏழு மடங்காகிறது, மருந்து அரிக்கும் வேகமும் கூடுகிறது. ஆனால் இந்த மருந்து கொழுப்பாலான கல்லை மட்டுமே கரைக்கும். கால்சியம் படிந்த கல்லையும், பித்த நிறமியாலான கறுப்பு, பழுப்புக் கற்களையும் தொடாது.

அதனால்தான் மியூனிக் குழு நோயாளிகளைக் கடுமையாக வடிகட்டியது. கற்கள் மூன்றுக்கு மேல் இருக்கக் கூடாது, எல்லாம் சேர்ந்து 30 மி.மீ. தாண்டக் கூடாது, எக்ஸ்ரேயில் தெரியும் அளவுக்குக் கால்சியம் இருக்கக் கூடாது, பித்தப்பை நன்றாகச் சுருங்கி விரிய வேண்டும், வலி இருந்திருக்க வேண்டும், ஆனால் அந்த நேரத்தில் வீக்கமோ காமாலையோ இருக்கக் கூடாது. இப்படிப் பார்த்தால் வலியோடு வருபவர்களில் ஐந்தில் ஒருவர்தான் தேறுவார். அப்படித் தேறிய முதல் 175 பேரின் முடிவை 1988இல் வெளியிட்டார்கள். இரண்டு மாதத்தில் சுமார் 30 சதவீதம் பேருக்குக் கல் மறைந்திருந்தது. 8 முதல் 12 மாதத்தில் 78 சதவீதம், ஒன்றரை வருடத்தை ஒட்டி 91 சதவீதம். அருமையான எண்கள்தான். அதேசமயம், மாமாவுக்குச் சில வாரங்களில் முடிந்தது இங்கே ஒரு வருடத்துக்கு மேல் மருந்தோடும் ஸ்கேனோடும் நடந்தது என்பதையும் இதே எண்கள் காட்டுகின்றன.

மற்ற ஊர்களில் அதே அளவு வெற்றி கிடைக்கவில்லை. அமெரிக்காவில் பல மையங்களில் 600 பேரைச் சேர்த்து நடத்திய ஆய்வு 1990இல் வந்தது. ஆறு மாதத்தில் கல் முழுதாக மறைந்தது, அதிர்வலையோடு உர்சோ எடுத்தவர்களில் 21 சதவீதம், அதிர்வலையோடு போலி மாத்திரை எடுத்தவர்களில் 9 சதவீதம். இந்த இரண்டாவது எண்ணைக் கவனியுங்கள். அதிர்வலை மட்டும் என்றால் பத்தில் ஒருவருக்குத்தான் பலன். உங்கள் அம்மாவைப் போல 20 மி.மீ.க்கும் சிறிய ஒற்றைக் கல் உள்ளவர்களை மட்டும் தனியாகப் பார்த்தபோதும் மருந்தோடு 35, மருந்தில்லாமல் 18 சதவீதம்தான். மியூனிக்குக்கும் அமெரிக்காவுக்கும் ஏன் இவ்வளவு வேறுபாடு என்பதற்கு இயந்திரத்தின் சக்தி, எத்தனை முறை திரும்பச் செய்தார்கள், துகள் எவ்வளவு சிறிதாகும் வரை விடாமல் உடைத்தார்கள் என்று பல காரணங்கள் சொல்லப்பட்டன. துகள் அளவுதான் முக்கியம் என்பது என் கருத்து. 5 மி.மீ. துண்டுகளோடு நிறுத்தினால் அவை பையிலேயே தங்கிவிடும், அல்லது குழாயில் போய் அடைக்கும்.

செய்முறை இப்படித்தான். வெறும் வயிற்றில் வர வேண்டும், அப்போதுதான் பித்தப்பை நிறைந்து தெளிவாகத் தெரியும். தொடக்க கால இயந்திரங்களில் முழு மயக்கம் கொடுத்து நீர்த்தொட்டியில் இறக்கினார்கள். பிறகு வந்தவற்றில் ஜெல் தடவிய நீர்ப்பையைத் தோலோடு அழுத்தி, நரம்பு வழியாக வலிமருந்து கொடுத்தால் போதும் என்றானது. கல்லை அல்ட்ராசவுண்டில் பார்த்துக் குறிவைத்து, ஒரு அமர்வில் ஆயிரத்துக்கு மேற்பட்ட அதிர்வுகள் கொடுப்பார்கள். இதயத் துடிப்பு தடுமாறாமல் இருக்க இ.சி.ஜி.யோடு ஒத்திசைத்து விடுவதும் உண்டு. பலருக்கு இரண்டு மூன்று அமர்வுகள் தேவைப்பட்டன. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், அலையின் பாதையில் இரத்தக்குழாய் வீக்கமோ நீர்க்கட்டியோ உள்ளவர்கள், பித்தக்குழாயிலும் கல் உள்ளவர்கள் ஆகியோருக்குச் செய்யக்கூடாது.

பக்கவிளைவுகளில் தோலில் சிவப்புப் புள்ளிகளும் சிறுநீரில் ஒன்றிரண்டு நாள் இரத்தமும் அற்பமானவை. கவலை தந்தது துகள்கள்தான். அவை வெளியேறும்போது மூன்றில் ஒரு பங்கினருக்குப் பித்தவலி திரும்ப வந்தது. சிலருக்குத் துகள் பொதுக்குழாயில் அடைத்துக் காமாலை. நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குக் குடலில் திறக்கும் வாசலில் சிக்கி, கணையக் குழாயையும் அடைத்து, கணைய அழற்சி. இந்தக் கடைசி ஒன்றுதான் உண்மையான பயம். 14 மி.மீ. கல் பித்தப்பைக்குள் இருக்கும்வரை 3 மி.மீ. வாசல் வழியாக வெளியே போய்க் கணையத்தைக் கெடுக்க முடியாது. உடைத்த பிறகு முடியும். கல் சிறிதானால் ஆபத்து குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். பித்தப்பையில் பல நேரம் அது நேர்மாறு.

இவ்வளவும் தாண்டிக் கல் முழுதாகப் போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். பை அப்படியே இருக்கிறது. பித்தநீரில் கொழுப்பு மிகுந்திருப்பது, பை சோம்பலாகச் சுருங்குவது என்று கல்லை உருவாக்கிய காரணங்களும் அப்படியே இருக்கின்றன. மியூனிக் நோயாளிகளிலேயே ஐந்து வருடத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கல் திரும்ப வந்தது. மருந்தால் மட்டும் கரைத்தவர்களில் பாதிப்பேர் வரை திரும்ப வந்ததாக ஆய்வுகள் உண்டு. பெர்லினில் 1882இல் முதன்முதலாகப் பித்தப்பையை வெட்டி எடுத்த கார்ல் லாங்கன்புக், பையில் கல் இருப்பதற்காக அல்ல, பை கல்லை உண்டாக்குவதற்காகவே அதை எடுக்க வேண்டும் என்று வாதிட்டார். நூறு வருடம் கழித்து வந்த அதிர்வலை அனுபவம் அதைப் பொய்யாக்கவில்லை.

அதே 1985 செப்டம்பரில், ஜெர்மனியிலேயே போப்லிங்கன் என்ற ஊரில், எரிக் மூஹே பித்தப்பையை முதன்முதலாக லேப்ராஸ்கோப்பியில் எடுத்தார். 1987இல் பிரான்சின் லியோன் நகரில் பிலிப் மூரே வீடியோ கேமராவோடு செய்ததற்குப் பிறகு இந்த முறை சில வருடங்களில் உலகம் முழுக்கப் பரவியது. இந்தியாவில் 1990இல் மும்பையில் தெஹெம்டன் உத்வாடியா தொடங்கி வைத்தார். வயிற்றில் ஒரு சாண் நீளத் தழும்பும், பத்து நாள் ஆஸ்பத்திரியும் இருந்த காலத்தில் அதிர்வலைக்குப் போட்டியிட ஒரு காரணம் இருந்தது. நான்கு சிறு துளைகளும் மறுநாள் வீடும் என்று ஆனபின் அந்தக் காரணம் போய்விட்டது. மெஷின் எங்கே என்ற உங்கள் கேள்விக்கு நேர் பதில்: சிறுநீரகக் கல்லை உடைக்கும் மெஷின் நம் பெரிய ஊர்களில் எல்லாம் இருக்கிறது. ஆனால் பித்தப்பைக் கல்லுக்கு அதை வழக்கமான சிகிச்சையாக இன்று செய்வதில்லை.

ஒரு விஷயத்தில் நம் பகுதிக்குக் கூடுதல் தடை உண்டு. வட இந்தியாவில் கொழுப்புக் கற்கள் மிகுதி. தென்னிந்தியாவில் நிறமிக் கற்களும் கலப்புக் கற்களும் அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கரைக்கும் மருந்து எடுபடாத கல் என்றால் அதிர்வலைத் திட்டத்தின் பாதி அங்கேயே விழுந்துவிடும். உங்கள் அம்மாவின் கல் எந்த வகை என்பதை அல்ட்ராசவுண்டை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. சி.டி.யில் கால்சியம் தெரிந்தால் கரையாது என்று சொல்லலாம், தெரியாவிட்டால் கரையும் என்று அடித்துச் சொல்ல முடியாது.

அதிர்வலை முற்றிலும் வழக்கொழிந்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். பித்தப்பையில் இல்லாமல் பொதுப் பித்தக்குழாயில் பெரிய கல் மாட்டிக்கொண்டால், முதலில் வாய் வழியாக எண்டோஸ்கோப் விட்டு இ.ஆர்.சி.பி. முறையில் சுருக்குத் தசையைச் சிறிது வெட்டி, கூடைபோன்ற கம்பியால் எடுப்பார்கள். கூடைக்கும் அடங்காத கல் என்றால், மூக்கு வழியாகப் பித்தக்குழாய்க்குள் மெல்லிய குழாய் வைத்து, அதில் சாயம் செலுத்திக் கல்லை எக்ஸ்ரேயில் பார்த்து அதிர்வலையால் உடைக்கலாம். வாசல் ஏற்கெனவே திறந்திருப்பதால் துகள்கள் தடையின்றி இறங்கும். இப்போது குழாய்க்குள்ளேயே சிறு கேமரா விட்டு லேசரால் உடைக்கும் வசதி வந்துவிட்டதால் இதன் தேவையும் குறைந்து வருகிறது. கணையக் குழாய்க் கற்களுக்கு மட்டும் அதிர்வலை இன்றும் முதல்வரிசைச் சிகிச்சை. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் இளம் வயதிலேயே கணையத்தில் சுண்ணாம்புக் கற்கள் சேரும் ஒருவகை நாள்பட்ட கணைய அழற்சி உண்டு. குழாயை அடைக்கும் 5 மி.மீ.க்கு மேற்பட்ட கல், அதோடு வலி என்றால் அதிர்வலைதான் பயன்படுகிறது. ஹைதராபாத்தின் ஏசியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் காஸ்ட்ரோஎன்டராலஜி இதில் உலக அளவில் மிகப் பெரிய அனுபவம் கொண்ட இடங்களில் ஒன்று. ‘அதிர்வலையால் பித்தக்கல் சிகிச்சை’ என்று நீங்கள் எங்காவது படித்திருந்தால், அது பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாக இருக்கும்.

இனி அம்மாவைப் பற்றி. வலியே இல்லாமல் வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் கல் தெரிந்திருந்தால், சும்மா விட்டுவிடுங்கள் என்றே சொல்லியிருப்பேன். அப்படிப்பட்டவர்களில் வருடத்துக்கு நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் தொல்லை தொடங்கும், சர்க்கரை இருப்பது மட்டும் அறுவைக்குக் காரணம் ஆகாது. ஆனால் அம்மாவுக்கு வலி வந்துவிட்டது. வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது திரும்ப வரும். சர்க்கரை உள்ளவருக்குப் பித்தப்பையில் கிருமித்தொற்று வந்தால் அது வேகமாக முற்றும். வலி உண்மையிலேயே பித்தவலிதானா என்பதை மட்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்: நெஞ்சுக்குழியிலோ வலப்பக்கமோ தொடங்கி, அரைமணி நேரத்துக்கு மேல் ஒரே சீராக நின்று, வலது தோள்பட்டைக்குப் பரவி, நான்கைந்து மணி நேரத்துக்குள் அடங்குவது பித்தவலி. ஏப்பம், உப்புசம், புளித்த ஏப்பம் மட்டும் என்றால் கல்லை எடுத்தாலும் அது போகாது. அந்த வயதில் சர்க்கரையோடு நெஞ்சுக்குழி வலி என்றால் ஒரு இ.சி.ஜி.யும் அவசியம்.

ஸ்கேன் அறிக்கையில் மூன்று இடங்களைப் பாருங்கள். பித்தப்பைச் சுவர் 3 மி.மீ.க்குள் இருக்கிறதா, பொதுப் பித்தக்குழாய் 6 மி.மீ. அளவில் இருக்கிறதா, கல் நகர்கிறதா அல்லது பித்தப்பையின் கழுத்துப் பகுதியில் சிக்கி நிற்கிறதா. கூடவே கல்லீரல் இரத்தப் பரிசோதனை. குழாய் விரிந்தோ பரிசோதனை மாறியோ இருந்தால், அறுவைக்கு முன் எம்.ஆர்.சி.பி. (பித்தக்குழாய்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்) எடுத்துக் குழாயில் கல் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும்.

உர்சோ மட்டும் கொடுத்துப் பார்க்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஒரு கிலோ எடைக்கு 8 முதல் 10 மி.கி. என்ற கணக்கில் 60 கிலோ உள்ளவருக்குக் காலையும் இரவும் 300 மி.கி. அது 5 மி.மீ.க்குக் குறைந்த, கால்சியம் இல்லாத கற்களுக்குப் பலன் தரும், 10 மி.மீ. வரை ஓரளவு நம்பலாம். 14 மி.மீ.க்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆறு மாதம் கழித்து ஸ்கேனில் அளவு குறையாத கல்லுக்கு அதை வருடக்கணக்கில் தொடர்வது பணச்செலவு மட்டுமே.

அறுவைக்குப் போவதானால் சில நுணுக்கங்கள். சர்க்கரை மாத்திரைகளில் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போல ‘கிளிஃப்ளோசின்’ என்று முடியும் பெயர் இருந்தால் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும், இல்லையென்றால் சர்க்கரை அளவு சரியாகத் தெரியும்போதே இரத்தம் அமிலமாகும் அபாயம் உண்டு. மயக்க மருத்துவரிடம் எல்லா மாத்திரை அட்டைகளையும் காட்டுங்கள். அறுவையில் நான் மிகவும் பெரிதாக நினைக்கும் ஆபத்து ஒன்றுதான்: பித்தப்பைக் குழாய் என்று நினைத்துப் பொதுப் பித்தக்குழாயை வெட்டிவிடுவது. ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பேருக்கு நடக்கிறது. பைக்குள் போவது ஒரு குழாயும் ஒரு இரத்தநாளமும் மட்டுமே என்று தெளிவாகப் பிரித்துப் பார்த்தபின் கிளிப் போடும் முறை இதைத் தடுப்பதற்காகவே வந்தது. அதைச் செய்வீர்களா என்று அறுவை மருத்துவரிடம் கூச்சமில்லாமல் கேளுங்கள். உள்ளே ஒட்டிக்கிடந்தால் பையில் ஒரு பகுதியை விட்டுவிட்டோ வயிற்றைத் திறந்தோ முடிப்பார்கள். அது தோல்வி அல்ல, நிதானம். எடுத்த பையைப் பயாப்ஸிக்கு அனுப்பச் சொல்லுங்கள். பை போனபின் பித்தநீர் கல்லீரலிலிருந்து நேராகக் குடலுக்குச் சொட்டும். பெரும்பாலோர் சில வாரங்களில் வழக்கம்போல் சாப்பிடுகிறார்கள், சிலருக்கு மட்டும் சில காலம் வயிற்றுப்போக்கு இருக்கும்.

வாழைத்தண்டுச் சாறு பித்தப்பைக் கல்லைக் கரைக்காது. அது சிறுநீரகக் கல்லுக்காகச் சொல்லப்படுவது, இரண்டும் வேதியியலில் வேறு பொருள்கள். ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் ஒரு டம்ளர் குடித்தால் பச்சை உருண்டைகளாகக் கல் வெளியேறும் என்று பரவும் செய்தியையும் நம்ப வேண்டாம். அந்த உருண்டைகளைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், அவை குடித்த எண்ணெயே குடலில் சோப்பாக உறைந்தவை. அவ்வளவு எண்ணெய் பித்தப்பையை வேகமாகச் சுருக்கி, கல்லைக் கழுத்தில் கொண்டுபோய்ச் செருகிவிடக்கூடும்.

தேதி குறிக்கும் வரை அம்மாவுக்கு எண்ணெயில் பொரித்ததையும் ஒரே வேளையில் வயிறு நிறையச் சாப்பிடுவதையும் தவிர்க்கச் சொல்லுங்கள். பட்டினியும் வேண்டாம், நீண்ட பட்டினியில் பித்தநீர் தேங்கும். வலி ஐந்து மணிநேரம் தாண்டினாலோ, குளிரோடு காய்ச்சல் வந்தாலோ, கண் மஞ்சளித்துச் சிறுநீர் தேநீர் நிறத்துக்கு மாறினாலோ, நெஞ்சுக்குழி வலி முதுகைத் துளைப்பதுபோல் போய் வாந்தி நிற்காவிட்டாலோ, குறித்த தேதிக்குக் காத்திருக்காமல் அப்போதே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். கிளம்பும்போது சாப்பிட எதுவும் கொடுக்காதீர்கள், அன்றே எண்டோஸ்கோப்பியோ அறுவையோ தேவைப்படலாம். வழியில் சர்க்கரையை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.